ஓனர் நம்பர்

காரின் முன்பலகையைக் கழற்றி ஒயர்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, சீட்டுக்கடியில் மல்லாந்து படுத்தபடியே ஃபியூஸ் கேட்டான்.

"ஒரு ரிமோட் உங்களுக்கும்மா. இன்னொண்ணு சாருக்கா?"

"எந்த சாருக்கு?" என்றாள் ஊசியம்மா.

"வீட்ல சாருக்கு."

"வீட்ல சார் போட்டோவுல இருக்கார். அவருக்கு எதுக்கு ரிமோட்? ரெண்டையும் என்கிட்டயே கொடு."

ஃபியூஸ் மறுபடி ஒயர்களுக்குள் தலையை விட்டான். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் முதலில் "ஃபியூஸ் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் பானெட்டையே திறப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். நல்ல வேலைக்காரன். மகனின் பெரிய காருக்குப் பாட்டுப் பெட்டி வைத்ததும் அவன்தான். ஊசியம்மாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் காலமெல்லாம் இருந்து, ஓய்வு கொடுத்து அனுப்பிய மறு மாதமே வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க ஆரம்பித்துவிட்டவள். நடக்க முடியாதவர்கள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள், ஊசி என்றாலே கத்தி ஊரைக் கூட்டுகிறவர்கள், எல்லோருக்கும் அவள்தான் வேண்டும். குத்தினதே தெரியாது என்று சொல்வார்கள். புருஷன் இருந்தவரை ரோட்டைத் தாண்டுவதற்கே அவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது, அல்லது அப்படி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் கை மாறி வந்த இந்தச் சின்ன வண்டியைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள்.

வாங்கிய நாள் முதல் அது ஊர் வண்டியாகிவிட்டது. இன்னொரு சாவி மகனிடம் இருந்தது. "சும்மாதானே நிக்குது" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தான். சும்மாதானே நிக்குது என்று சிநேகிதனுக்குக் கொடுப்பான். சும்மாதானே நிக்குது என்று மாமனாருக்குக் கொடுப்பான். ஒரு நாள் காலையில் ரத்தக் குழாய்கள் வைக்கிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. யாரோ யாரையோ ஸ்டேஷனில் விடப் போயிருக்கிறார்கள். வாடகை வண்டிக்கு போன் அடித்து, அவன் வழி தெரியாமல் சுற்றி, அவள் போய்ச் சேர்வதற்குள் அன்றைக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய வாத்தியார் வெறும் வயிற்றோடு நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். சர்க்கரை நோய்க்காரர். ரத்தம் எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாராம். அவருடைய மனைவி சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "முடியலைன்னா முன்னாடியே சொல்லிடுங்கம்மா, நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று தன்மையாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் வேற ஆள் என்று ஊசியம்மாவிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ரெண்டு வார்த்தை காதில் குடைந்தது.

மகனிடம் சாவியைக் கேட்டாள். "உனக்கு ஒரு அவசரம்னா சாவி என்கிட்டதானேம்மா இருக்கணும்?" என்றான். "அதுவும் இல்லாம, இந்த வயசுல இந்த வேலையே எதுக்கு? நான் உனக்கு சோறு போடலையா?" அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். பாசத்தோடு சண்டை போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் ஃபியூஸின் கடைக்கு வந்து, திருட்டு அலாரம் வைக்கச் சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு ஒயரையும் தோலுரித்து முறுக்கிப் பற்றவைப்பதை ஆபரேஷன் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினுக்குப் போற கரண்ட்டை இங்க வெட்டி, நடுவுல இந்த டப்பாவைப் போட்டிருக்கேன்" என்று அவன் எழுந்து உட்கார்ந்து விளக்கினான். "உள்ள ஒரு சிம் இருக்கு. ரிமோட்ல பூட்டினப்புறம் யாராவது கதவைத் திறந்தா, வண்டியைத் தட்டினா கத்தும். கத்திட்டே ஓனருக்கு போன் போடும். வண்டி ஸ்டார்ட் ஆனா ஓனருக்கு மெசேஜ் போகும். திருடன் ஓட்டிட்டே போயிட்டான்னு வெச்சுக்கோங்க, ஓனர் தன் போன்ல அமுக்கினா போதும். அவன் எங்கயாவது நிறுத்தினப்புறம் மறுபடி கிளம்பாது. சிம்முக்கு உயிர் வர்றதுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்."

"ஓனர் நம்பர் போட்டாச்சா?"

"அதெல்லாம் அப்பவே போட்டாச்சும்மா."

ஓனர் என்ற சொல்லை அவன் இத்தனை முறை சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. எந்த நம்பர் என்று கேட்கத் தோன்றவில்லை. பூட்டிவிட்டு, "அடிச்சுப் பாருங்க" என்றான். பானெட்டில் ஒரு தட்டு தட்டினாள். அப்பப்பா, என்ன சத்தம்! எதிர்க் கடையில் தராசுத் தட்டு கையைவிட்டு விழுந்தது. படுத்திருந்த நாய் எழுந்து தெருவின் அடுத்த முனைக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தது. ஊசியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னொரு தடவை அடிக்கவா?" என்று கேட்டாள்.

மூன்று நாள் கழித்து மகன் மாட்டிக்கொண்டான். காலையில் சிநேகிதன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் வண்டி அலற ஆரம்பித்தது. சிநேகிதன் ரெண்டடி பின்னால் குதித்தான். எதிர் வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்தன. ஊசியம்மா கூடத்து ஜன்னலோரம் காபியோடு நின்றிருந்தாள். ரிமோட் இடுப்பில்தான் இருந்தது. அவசரப்படாமல் காபியைக் குடித்து முடித்தாள்.

"அம்மா! நிறுத்தும்மா! மானம் போகுது!"

"யாரு? திருடனா?"

"நான்தாம்மா!"

"நீயா? நான் பயந்தே போயிட்டேன்" என்று சொல்லி அமுக்கினாள். சத்தம் நின்ற பிறகும் மகன் அங்கேயே நின்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் எரிச்சலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். ஆனால் அது எப்படியோ இளகிப்போய், சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது பார்ப்பானே அப்படி இருந்தது. தோற்றுப்போனால் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை.

தொடவில்லையே தவிர, போன் வர ஆரம்பித்தது. அவள் வண்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்புவதற்குள் கூப்பிடுவான். "கிளம்பிட்டியாம்மா? இன்னைக்கு எந்தப் பக்கம்?" ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குக் கிளம்பினால் மறுபடியும். "இன்னும் எத்தனை வீடு? வெயில்ல அலையாதே." முதலில் தற்செயல் என்று நினைத்தாள். பிறகு இவனுக்கு யார் சொல்கிறார்கள் என்று யோசித்தாள். அவன் ஆபீஸ் போனால் வீட்டில் இருப்பது மருமகள் ஒருத்திதான். மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்று பார்த்து ஒப்பிக்கிறாள் என்று முடிவு கட்டினாள். ரெண்டாவது வீட்டிலிருந்து கிளம்புவது மாடியில் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கலாம். கோபம் வந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது? மருமகளோடு பேச்சைக் குறைத்தாள். அந்தப் பெண் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகவே வந்து கேட்டாள்.

"அத்தை, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீ எல்லாத்தையும் சரியாத்தானே சொல்ற. அதான் பிரச்சினையே."

மருமகள் ஒன்றும் புரியாமல் முழித்துவிட்டுப் போனாள். அந்த முழிப்பும் நடிப்பு என்றே ஊசியம்மாவுக்குப் பட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் முதல் வீடாக வாத்தியாரிடம் போனாள். ரத்தம் எடுத்து, டியூப்களில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, வாத்தியார் பிஸ்கட்டைக் கடிப்பதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். விளக்கு எரிந்தது, கண்ணாடி துடைக்கிற கை ஆடியது, இன்ஜின் மட்டும் ஊமையாக இருந்தது. மறுபடி திருகினாள். இன்னும் ரெண்டு வீட்டில் வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி தையல்காரி. சிறுநீரகம் கெட்டு, எழுந்தால் தலை சுற்றுகிற பெண். வேற ஆள் என்ற அந்த ரெண்டு வார்த்தை ஊசியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஃபியூஸைக் கூப்பிட்டாள்.

"ஃபியூஸ் போயிருக்குமா?" என்று அவளே கேட்டாள்.

"இல்லம்மா. கீழே ஒரு சிவப்பு லைட் மினுக்குதா? அப்ப வண்டி லாக் ஆயிருக்கு. சார்தான் போன்ல பண்ணியிருப்பாரு."

"எந்த சாரு? போட்டோவுல இருக்கற சாரா?"

"ஐயோ, உங்க பையன்மா. அவர் நம்பரைத்தானே போட்டிருக்கு."

மழை வண்டியின் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. "அவன் நம்பரை உனக்கு யாரு கொடுத்தது?"

"ஏற்கனவே என்கிட்ட இருந்துச்சேம்மா, பாட்டுப் பெட்டி வெச்சப்ப வாங்கினது. ஓனர் நம்பர்னு மெஷின் கேக்கும். லேடீஸ் வண்டின்னா வீட்டு ஆம்பளைங்க நம்பரைத்தான் போடறது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். ராத்திரியில கத்தினா யாராவது எழுந்து வந்து பார்க்கணும்ல? இதுவரைக்கும் ஒருத்தரும் தப்புன்னு சொன்னதில்லைம்மா." அவன் குரலில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் மகனின் அழைப்பு உள்ளே வந்தது.

"அம்மா, பயப்படாதே, வண்டிக்கு ஒண்ணுமில்ல. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். வாத்தியார் வீட்டு வாசல்லதானே இருக்க, மேப்ல தெரியுது. இந்த மழையில ஓட்டாதே. உள்ள போய் உட்காரு. மீட்டிங் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"ரெண்டு வீட்ல பட்டினியா உட்கார்ந்திருக்காங்கடா."

"ஒரு நாள் சாப்பிட்டுட்டுப் போறாங்க, என்ன இப்ப? உன் நல்லதுக்குத்தாம்மா. நீயேதானே என் நம்பரைக் கொடுத்த? அன்னைக்கு வண்டி கத்தறப்ப என் பையில போன் அடிச்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"நான் கொடுக்கலடா" என்றாள்.

அவனுக்குப் பின்னால் யாரோ வேற்று மொழியில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "சரி, யார் கொடுத்தா என்ன, நல்லதுதானே. மீட்டிங்ல கூப்பிடறாங்க, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டான்.

ஊசியம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திருடனுக்குப் போட்ட பூட்டில் தன்னையே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதுவும் அவள் காசில், அவள் கண் முன்னால், அவள் டப்பாமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மருமகளை வேறு அநியாயமாகச் சந்தேகப்பட்டாயிற்று. மகனைத் திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சலாம். அவன் மனசு வைத்தால் திறந்துவிடுவான். கெஞ்சுவதாவது!

கீழே இறங்கினாள். குடையை விரிக்கக்கூட இல்லை. ரிமோட்டில் வண்டியைப் பூட்டினாள். பானெட்டில் ஓங்கி ஓர் அறை விட்டாள். வண்டி தெருவே அதிரும்படி அலறியது. அங்கே அவன் போன் அடிக்கும், எடுத்து வெட்டுவான். கொஞ்சம் விட்டு மறுபடி பூட்டினாள், மறுபடி அறைந்தாள். உள்ளங்கை சிவந்தது. வாத்தியார் கையில் பிஸ்கட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"என் பையனுக்கு போன் பண்றேன் சார்."

வாத்தியார் வண்டியையும் அவளையும் பார்த்தார். விவரத்தைக் கத்திக் கத்திச் சொன்னாள். அவர் காதில் எவ்வளவு விழுந்ததோ, முகம் மட்டும் குழந்தை மாதிரி மலர்ந்துவிட்டது. உள்ளே போய்க் கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்தார். "நான் ஒரு தடவை பண்ணட்டுமா?" என்றார். "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கத்த, அவர் தடியால் சக்கரத்தில் ஒரு போடு போட்டார். வண்டி அலறியது. "எடுக்கறானா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று போட்டார்.

மகன் கூப்பிட்டான். குரல் ரகசியம் பேசுவது போல இருந்தது. "அம்மா, என்னம்மா இது, போன் நிக்கவே மாட்டேங்குது. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நானும் நனைஞ்சுட்டுதான் நிக்கறேன்."

"சளி பிடிக்கும்மா!"

"பிடிக்கட்டும்டா. அதுக்கும் ஒரு நம்பர் அமுக்கு."

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. வாத்தியார் தடியைத் தூக்கி வழியனுப்பினார்.

விட்டால் அடுத்த வீட்டு வாசலிலும் பூட்டிவிடுவான் என்று, நம்பரை மாற்றும் வழியை ஃபியூஸிடம் கேட்டுக்கொண்டு அவள் நேராக வீட்டுக்கு ஓட்டினாள். கதவைத் திறந்த மருமகள் சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்துத் துண்டு எடுக்க ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தினாள் ஊசியம்மா. "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். அந்த வண்டிதான் அவனுக்கு ஒப்பிச்சிருக்கு. மன்னிச்சுக்கோம்மா" என்று முழுதாகச் சொன்னாள். மருமகளுக்குப் புரிந்ததும் முதலில் கண் கலங்கியது, அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "நானா ஒப்பிச்சேன்? அவர் எங்க போறாருன்னே எனக்கு ஒழுங்கா தெரியாது அத்தை" என்றாள். மழை என்று அன்றைக்கு ஆபீஸ் போகாத மகன், அறையில் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தான். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கீழே, மேஜைக்கு மறைவில், சாயம் போன அரைக்கால் டவுசர்.

"எழுந்து வா. வண்டிக்குள்ள உட்கார்ந்துதான் நம்பரை மாத்தணுமாம். பழைய ஓனர் போன் பக்கத்துல இருக்கணும்னு ஃபியூஸ் சொல்றான்."

"இப்பவேவா?"

"இப்பவே."

அவள் குரலில் இருந்தது என்னவோ, அவன் எதிரே இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தான். ஓட்டுகிற சீட்டுக்குத்தான் கால் போனது. அவள் அங்கே உட்கார்ந்திருந்ததால் சுற்றிக்கொண்டு பக்கத்து சீட்டுக்கு வந்தான். ஃபியூஸ் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மகன் அமுக்கினான். "பழைய நம்பரை அழிக்கவான்னு கேக்குதா? ஆமான்னு கொடுங்க சார்" என்றான் ஃபியூஸ். மகனின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கொடுத்தான். இன்ஜினைக் கிளப்பியதும் ஊசியம்மாவின் போனுக்கு வண்டியிடமிருந்து முதல் முறையாக மெசேஜ் வந்தது. உங்கள் வண்டி கிளம்பியது. அதை ரெண்டு தரம் படித்தாள். ஐஸ் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

"அம்மா, நான் இன்னும் இறங்கலை."

"தெரியும். பெட்டியை ஆட்டாம பிடி."

"மீட்டிங் இருக்கும்மா! டவுசரோட இருக்கேன்!"

"உன்னை யாரு இறங்கச் சொன்னா? பட்டினியா இருக்கறவங்க காத்திருக்கலையா, அவங்களும் காத்திருக்கட்டும்."

தெருமுனையில் லாரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. மகன் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தான். வளைவுக்கு வளைவு மிதித்தான். பல்லிடுக்கில் மூச்சை இழுத்தான். அவள் எப்போதும் போலத்தான் ஓட்டினாள். கண்ணாடியைப் பார்த்தாள், நின்றாள், வழி விட்டாள், வழி கொடுக்காதவனை ஹாரனில் திட்டினாள். பாதி தூரம் போன பிறகு அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சு ஒரு நொடி இளகத்தான் செய்தது.

"அழுவ" என்றாள். "வேற என்ன பண்ணுவ? அதுக்காக உசுரோட இருக்கும்போதே பூட்டி வெப்பியா?"

தையல்காரியின் வீடு வந்துவிட்டது. மாடிவீடு. ஊசியம்மா பெட்டியை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, "வந்துடறேன்" என்று இறங்கி, கதவைச் சாத்தி, நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்கினாள். வண்டி கண்ணைச் சிமிட்டிப் பூட்டிக்கொண்டது. பழக்கதோஷம் என்றே வைத்துக்கொள்வோம்.

தையல்காரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். "வர மாட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றாள். "வராம?" என்று சொல்லிக்கொண்டே ஊசியம்மா கைகழுவி, துடைத்து, கட்டிலோரம் உட்கார்ந்தாள். ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேலே கட்டினாள். குத்திக் குத்தித் தழும்பேறிப்போன கை. வெளியே தெரிகிற நரம்பு எதுவும் உதவாது. உள்ளே ஒளிந்திருப்பதை விரலால்தான் தேட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்.

கீழே தெரு அதிர்ந்தது. கதவைத் திறந்திருக்கிறான். ஜன்னல் வழியாக மகன் தெரிந்தான். வெள்ளைச் சட்டையும் டவுசருமாக மழையில் நின்று, மாடியைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். குடைகள் அவனைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன. கட்டிலின் மேல் ஊசியம்மாவின் போன் அடித்தது.

"யாரோ உங்க வண்டியைத் திருடறான் போல இருக்கும்மா. போனை எடுங்க."

"அது எனக்குத்தான் வருது, இருக்கட்டும். நீங்க கையை ஆட்டாதீங்க."

விரலுக்கடியில் நரம்பு மெல்ல எழும்பி வந்தது. போன் அடித்துக்கொண்டே மெத்தையில் நகர்ந்தது. அவள் ஊசியின் மூடியைக் கழற்றினாள்.